தானே பிரேக் பிடிக்கும் காரும் என் மாமனாரின் வலது காலும்

எந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் மாமா கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பிரேக் புடிச்சா, நின்னுக்கிட்டு வர்ற கிழவி விழுவாளா?"

என் மாமனார் கடலூர்–புதுச்சேரி தடத்தில் தனியார் பஸ் ஓட்டி 29 வருஷம் தள்ளியவர். அவர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி யாராவது ஒரு பாட்டி எப்போதும் நின்றுகொண்டிருப்பார், காலடியில் மீன் கூடையோ கீரைக் கட்டோ இருக்கும். அந்தப் பாட்டி தள்ளாடாமல் இறங்கிப் போனால் டிரைவர் பாஸ். எங்கள் காரில் யாரும் நின்றுகொண்டு வருவதில்லை. ஆனாலும் 14 மாதமாக, 19,000 கிலோமீட்டராக, இடது பக்க முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத அந்தக் கிழவிக்காக மாமா மார்க் போட்டுக்கொண்டே வருகிறார். அந்த மார்க்கையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் எனக்குச் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரிக்குப் போய்க் காகிதம் எடுக்க வேண்டும். ஆசிரமத்துக் கைக்காகிதத்தில் பத்திரிகை அடிக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். மாதம் ஒரு முறை மாமாவை ஜிப்மர் கண் பிரிவுக்கு அழைத்துப் போவதும் என் பொறுப்பு. அவருக்குக் கண் அழுத்த நோய். நேரே பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. லைசென்ஸைப் புதுப்பிக்காமல் அவரே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

காரின் பெயரை எழுதவில்லை. குறை சொல்லப் போகிறேன், அது ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. முன் கண்ணாடியின் மேல்பகுதியில் ஒரு கேமரா, முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் ஒரு ராடார், இரண்டையும் வைத்துத் தானே வேகத்தைக் கூட்டும், குறைக்கும், பிரேக் பிடிக்கும், கோட்டுக்குள் ஸ்டியரிங்கைத் திருப்பும். இதற்குப் பொதுப்பெயர் அடாஸ். நம் ஊரில் விற்கும் பல கார்களின் விலை கூடின வேரியன்ட்டில் இது வந்துவிட்டது. எனக்கு அதற்கு மட்டும் ஒன்றரை லட்சம் கூடுதலாக ஆனது.

இந்தச் செலவுக்குக் காரணம் ஒரு டிரைவர். 2024 மே மாதம், துபாயிலிருந்து வந்த நாத்தனாரை அழைத்து வரப் பழைய காரில் சென்னை விமான நிலையம் போயிருந்தோம். ராத்திரிப் பயணம் என்பதால் ஓர் ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொண்டோம். திரும்பும்போது விடியற்காலை மூன்றரை இருக்கும், திண்டிவனம் தாண்டியாயிற்று. ரோடு காலி. கார் மெல்ல மெல்ல இடது பக்கம் ஒதுங்கி, ஓரத்து மண்ணில் டயர் இறங்கிக் கரகரவென்றது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது, உள்ளே ஆள் இல்லை. "தம்பி!" என்று கத்தினேன்.

"இல்லக்கா, முழிச்சுத்தான் இருக்கேன்."

கிளியனூர் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தி விசாரித்தேன். முந்தின ராத்திரி திருப்பதி சவாரி போய்விட்டு மதியம்தான் வீடு திரும்பியிருக்கிறார். இரண்டு மணி நேரம் தூங்கியிருப்பார். திட்ட மனசு வரவில்லை. வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், 1,200 ரூபாய் பேட்டா. வருகிற போனை வேண்டாம் என்று வைக்கிற வசதி அவருக்கு இல்லை. மீதி தூரத்தை நான் ஓட்டினேன், அவர் பக்கத்து சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தார். அடுத்த வாரமே ஷோரூம் போய்விட்டேன்.

ஷோரூம் பையன் சொன்னது இது: "மேடம், இது லெவல் டூ. நீங்க சும்மா உக்காந்தா போதும், வண்டியே பாத்துக்கும்." இதில் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி வியாபாரம். தானோட்டத்தைப் பூஜ்யம் முதல் 5 வரை லெவலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 5 என்றால் எந்த ரோட்டிலும் எந்த வானிலையிலும் ஆளே வேண்டாம், உலகத்தில் அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. 4 என்றால் குறிப்பிட்ட இடத்துக்குள் மட்டும் ஆள் இல்லாமல் ஓடும். 2 என்றால் வேலையைக் கொஞ்சம் கார் செய்யும், பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவருடையது. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கக் கூடாது. கையேட்டில் இதைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறார்கள், ஷோரூமில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சரி, ரோட்டுக்கு வருவோம்.

முதல் நாள் ஆல்பேட்டையில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸைப் போட்டேன். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி என்று நான்கு அளவு வைத்திருக்கிறார்கள். பயத்தில் இருப்பதிலேயே பெரிய இடைவெளியை வைத்தேன். எங்கள் ஊரில் இரண்டு வண்டிக்கு நடுவே விடுகிற இடைவெளி கல்யாணப் பத்திரிகை மாதிரி, சுற்றமும் நட்பும் சூழ வந்துவிடுவார்கள். முதலில் ஒரு ஸ்கூட்டி நுழைந்தது. கார் மரியாதையாக வேகத்தைக் குறைத்து அதற்கும் இடைவெளி விட்டது. அதில் ஒரு ஷேர் ஆட்டோ. அதற்கும் விட்டது. அதில் ஒரு டாடா ஏஸ். பின்னால் இருந்த பஸ்காரர் ஹாரனிலேயே என் குடும்பத்தை விசாரித்தார். ரெட்டிச்சாவடி போவதற்குள் நாங்கள் முன்னேறினோமா பின்னேறினோமா என்றே தெரியவில்லை. மாமா கேட்டார், "ஏம்மா, வண்டிய ரிவர்ஸ்லயா எடுக்குற?"

அப்புறம் கற்றுக்கொண்டேன். கடலூர்–புதுச்சேரி ரோட்டுக்கு இருப்பதிலேயே சின்ன இடைவெளி, அதுவும் மத்தியான நேரத்தில் மட்டும். காலையிலும் மாலையிலும் குரூஸை மறந்துவிட வேண்டியதுதான்.

கோட்டுக்குள் வைத்திருக்கிற சமாச்சாரம் என் காரில் 60க்கு மேல் போனால்தான் வேலை செய்யும். புதிதாகப் போட்ட நாலுவழிச் சாலையில் அது நன்றாகவே செய்கிறது. மற்ற ரோடுகளில் கோடு அழிந்திருக்கும், அல்லது பழைய கோட்டுக்கு மேல் புதுக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பார்கள், கார் எந்தக் கோட்டை நம்புவது என்று திணறும். உளுந்து அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் செடியைப் பரப்பிக் காயவைத்து, மூலைக்கு ஒரு கல்லை வைத்திருப்பார்கள். நான் விலகிப் போகிறேன், கார் "தப்பாகப் போகிறாய்" என்று ஸ்டியரிங்கைக் கல்லை நோக்கி இழுக்கிறது. லேசான இழுப்புதான், கையால் மீறிவிடலாம். ஆனால் முதல் தடவை வயிறு கலங்கிவிட்டது. இண்டிகேட்டர் போட்டுவிட்டு விலகினால் இழுக்காது. அந்த வகையில் 22 வருஷமாக வண்டி ஓட்டும் எனக்கு இண்டிகேட்டர் போடக் கற்றுக்கொடுத்தது இந்தக் கார்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் பக்கம் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டேன். சாமி, மேளம், பலூன்காரர், தோளில் பிள்ளையைத் தூக்கிய அப்பாக்கள். கார் அலறிய அலறலில் மேளக்காரரே திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஊர்ந்து வெளியே வந்தேன். அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. அங்கே யார் ஓட்டினாலும் அப்படித்தான்.

இனி முக்கியமான விஷயம்.

பிப்ரவரியில் ஒரு நாள் ஜிப்மரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஆறு மணி, தவளக்குப்பம். பஸ் ஒன்று ஓரத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் 35, 38இல் போயிருப்பேன். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் போன், பெண்ணின் பெயரில் ஒற்று விட்டுப்போன விவகாரம். எடுப்பதா வேண்டாமா என்று திரையை ஒரு பார்வை பார்த்தேன். பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். நான் பார்க்கவில்லை. கார் பார்த்தது. ஒரு பீப் சத்தம், பெல்ட் நெஞ்சை அழுத்தியது, பின் சீட்டில் இருந்த காகிதக் கட்டு முழுக்கக் கீழே சரிந்தது. பையனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். அவன் என்னைப் பார்த்து முறைத்துவிட்டு, கேரியரில் இருந்த டியூஷன் பையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "யார் புடிச்சது?"

"கார்தான் மாமா."

"நீ?"

"நான் போனப் பாத்துட்டேன்."

கிருமாம்பாக்கம் தாண்டும் வரை இன்னும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "கிழவி விழுந்திருப்பா." கொஞ்சம் விட்டு, "விழுந்தா எழுந்துப்பா."

கன்னியக்கோயில் வந்தபோது ஒரு பழைய கதையைச் சொன்னார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து 24 வருஷம், அத்தையிடம்கூட அவர் சொல்லாத கதை. காலை 4:50 முதல் நடை. முந்தின இரவு கடைசி நடை முடிய பதினொன்றரை ஆகி, பஸ் ஸ்டாண்டிலேயே பஸ்ஸுக்குள் படுத்திருக்கிறார். இந்த இடத்தில்தான் கண் மூடிவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்டக்டர் எதற்கோ விசில் ஊத, விழித்தால் எதிர்ப்பக்கத்தில் ஒரு புளியமரம் நேராக வருகிறது. ஒடித்துத் திருப்பிவிட்டார். கண்டக்டர் மாடு குறுக்கே வந்ததாக நினைத்துக்கொண்டார். மாமாவும் ஆமாம், மாடு என்று சொல்லிவிட்டார். "அன்னிக்கு நாப்பது பேர் இருந்தாங்கம்மா. மரத்த வெட்டிட்டாங்க. ஆனா எனக்கு அது இன்னும் அங்கதான் நிக்குது."

தனியார் பஸ் எப்படி ஓடுகிறது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போகிற பஸ்ஸுக்கும் நம் பஸ்ஸுக்கும் நடுவே சில நிமிஷம்தான் டைமிங். நிறுத்தத்தில் நிற்கிற ஆள் யாருக்குக் கிடைக்கிறார் என்பதில்தான் கலெக்ஷன், கலெக்ஷனில்தான் பேட்டா. மாமாவுக்கு வேகமாக ஓட்ட ஆசை கிடையாது, கணக்கு அப்படி. மனித டிரைவரை நம்பலாமா என்று கேட்கிறவர்கள் அந்த மனிதர் எத்தனை மணி நேரம் தூங்கினார், எதற்காக ஓடுகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2022ஆம் வருஷம் இந்தியச் சாலை விபத்துகளில் செத்துப்போனவர்கள் 1,68,491 பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. அவை எல்லாமே மனிதர்கள் ஓட்டிய வண்டிகள்.

என் தம்பி மகள் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். வேமோ டாக்சியில் போகும்போது எங்களுக்கு வீடியோ கால் போட்டாள். டிரைவர் சீட் காலி, ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. மாமா போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். "எதிர்ல ஒருத்தன் ஒன் வேல வந்தா?" என்றார். "நின்னுடும் தாத்தா." "அவனும் நின்னுட்டா?" அவளுக்குப் பதில் தெரியவில்லை.

வேமோ, 2009இல் கூகுளின் திட்டமாகத் தொடங்கியது. 2020இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஆளில்லாத வண்டியைப் பொதுமக்களுக்கு விட்டார்கள். அவள் ஏறியது ஜாகுவார் கார், அதில் 29 கேமரா, லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லிடார் 5, ராடார் 6. என் காரில் முன்னால் பார்க்க ஒரு கேமரா, ஒரு ராடார். அதோடு வேமோ ஓடுகிற நகரத்தின் ஒவ்வொரு தெருவையும் முன்கூட்டியே அளந்து வரைபடமாக அதன் தலைக்குள் வைத்திருக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனமான ஸ்விஸ் ரீ, வேமோவோடு சேர்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சுமார் 4 கோடி கிலோமீட்டர் ஓட்டத்தைக் கணக்கில் எடுத்ததில், மனிதர்கள் ஓட்டும் கார்களைவிடப் பொருள் சேதத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கை 88 சதவீதம் குறைவு, உடல் காயத்துக்கானது 92 சதவீதம் குறைவு. அடாஸ் உள்ள புதிய கார்களோடு ஒப்பிட்டாலும் 86, 90. கம்பெனியும் கூட இருந்து செய்த ஆய்வு என்பதால் கொஞ்சம் தள்ளி வைத்தே படித்தேன். தள்ளி வைத்துப் படித்தாலும் சின்ன எண்கள் இல்லை.

ஆனால் 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரத்தில் நடந்ததையும் படித்தேன். ஊபர் சோதனை ஓட்டம் விட்ட கார். இரவில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார். மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்னாலேயே காரின் கண்ணில் பட்டுவிட்டார். ஆனால் அது வண்டியா, வேறெதுவோவா, சைக்கிளா என்று மென்பொருள் மாற்றி மாற்றி முடிவெடுத்துக்கொண்டே போனது. ரோட்டைக் கடக்கும் கோடு இல்லாத இடத்தில் மனிதர் நடந்து வரலாம் என்பதே அதன் கணக்கில் இல்லை. காருக்குள் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இறந்துபோனார். தவளக்குப்பத்துப் பையனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தான், நானும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் நின்றது, ஒரு கார் நிற்கவில்லை. அன்று ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை.

எனக்குப் பயம் காரின் மேல் இல்லை, அந்தக் காவல்காரர் உட்கார்ந்திருந்த சீட்டின் மேல்தான். ஏனென்றால் லெவல் 2 காரில் நானும் அதே சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். தப்பும் தவறுமாக அடித்துக் கொடுக்கிற ஆளின் புரூஃபை வரிவரியாகப் படிப்போம். நன்றாக அடிக்கிற ஆளின் புரூஃபைப் பத்தாவது பக்கத்துக்குமேல் மேய்ந்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். அங்கேதான் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று விழுந்திருக்கும். (நடந்திருக்கிறது. 600 பத்திரிகையையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.) திண்டிவனத்திலிருந்து சென்னை போகும்போது ஒரு முறை நாற்பது நிமிஷம் காரே ஓட்டியது. அச்சிறுபாக்கம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்கு ஞாபகமே இல்லை. கையை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கார் எச்சரிக்கும், அதை ஏமாற்ற ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டிலைக் கட்டுகிற புத்திசாலிகளும் உண்டு. என் கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. மனசுதான் அச்சகத்தில் இருந்தது. பாதி வேலையைச் செய்கிற இயந்திரம் மீதிப் பாதிக்கு முழு விழிப்பைக் கேட்கிறது. அது நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. வேமோவில் அந்தச் சீட்டைக் காலியாகவே விட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நெல்லிக்குப்பம் ரோட்டையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் பண்ருட்டியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பனி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியிருந்தேன். கார் 60இல் போகிறது, திரையில் முன்னால் எதுவும் இல்லை என்று காட்டுகிறது. மாமா திடீரென்று, "மெதுவா போ, கரும்பு வாசன வருது" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் சொல்கிறாரே என்று 35க்குக் குறைத்தேன். ஒரு வளைவு தாண்டியதும் எதிரே கறுப்பாக ஒரு சுவர். டிராக்டர் டிரெய்லர், பின் விளக்கு கிடையாது, சிவப்பு ஒட்டுப்பட்டை கிடையாது, கரும்பு நுனி நான்கடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்லைட் விழுந்து நான் பிரேக்கில் காலை வைத்த பிறகுதான் காருக்குப் புரிந்தது. பாரம் வெளியே நீட்டிய வண்டிகள் தெரியாமல் போகலாம் என்று கையேட்டில் போட்டிருப்பதை வீட்டுக்கு வந்து பார்த்தேன். வண்டியின் பின்பக்கம் என்றால் எப்படி இருக்கும் என்று படித்துவைத்த கேமராவுக்குக் கரும்புக் குவியல் வெறும் இருட்டு.

"எப்படி மாமா தெரிஞ்சது?"

"தை மாசம். ஆல ஓடுது. இந்த நேரத்துக்கு வண்டி போவும்."

பக்கவாட்டுப் பார்வை போன மனிதர், கண்ணாடிக்கு வெளியே சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மதுக்கடைகள் இருக்கிற முள்ளோடை எல்லையிலும் இதே கதைதான். சனிக்கிழமை ராத்திரி முன்னால் போகிற பைக் எப்படிப் போகிறது, ஹேண்டில்பாரில் என்ன பை தொங்குகிறது என்று பார்த்தாலே இவனுக்கு எவ்வளவு தூரம் ஒதுங்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். காருக்கு அது ஒரு பைக், அவ்வளவுதான். ஆனால் கார் அந்தக் கடைகளில் ஒதுங்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது காரை எடுக்கவே இல்லை. அடுத்து வந்த நாட்களில் பெண்ணையாற்று வெள்ளம் வடிந்து, ரோடெல்லாம் சேறாகக் கிடந்தபோது எடுத்தேன். முன்னால் போன லாரி ஒரு வீச்சு வீசியதும், "ராடார் மறைக்கப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டு எல்லாம் அணைந்துவிட்டது. பெருமழையிலும் அப்படித்தான். எனக்கு எப்போது ஒரு துணை வேண்டுமோ அப்போது அது லீவு போட்டுவிடுகிறது. சொல்லிவிட்டுப் போடுகிறது என்பது மட்டும் அந்த ஆக்டிங் டிரைவரிடம் இல்லாத நல்ல குணம்.

செலவு விஷயம் ஒன்றை ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். ஏப்ரலில் ஒரு டிப்பரிலிருந்து ஜல்லி தெறித்து முன் கண்ணாடியில் விரிசல். கண்ணாடி மாற்றினால் போதாதாம், கேமராவைத் திரும்ப அளவெடுத்துப் பொருத்த வேண்டுமாம், அதற்குத் தனிக் கூலி, அதற்குக் கருவி உள்ள ஊருக்குத்தான் போக வேண்டுமாம். நாலு நாள் கார் இல்லை. பில்லைப் பார்த்துவிட்டு மாமா, "எனக்குக் கண்ணுல லென்ஸ் வச்சப்பகூட மறுநாளே அனுப்பிட்டாங்க" என்றார்.

ஆளில்லாத காரை இந்தியாவுக்குள் விட மாட்டேன், டிரைவர்களின் வேலை போய்விடும் என்று நிதின் கட்கரி 2023 டிசம்பரில் சொன்னார். அமைச்சர் சொன்னதைப் படித்துக் காட்டியபோது மாமாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். "வேல போவக் கூடாதுன்னு சொல்றாரு, சரி. தூக்கம் போவுதே, அத யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. தானே பிரேக் பிடிக்கும் வசதிக்காக மட்டுமே அந்த ஒன்றரை லட்சத்தைத் திரும்பவும் கொடுப்பேன். அதை நான் ஒரு நாளும் அணைப்பதில்லை. அதற்கு மாமா போட்டது பத்துக்கு ஏழு, கிழவி விழுந்ததால் மூன்று மார்க் கழித்துவிட்டார். பக்கத்தில் வண்டி வருகிறது என்று கண்ணாடியில் மினுக்கும் விளக்கு, பத்துக்குப் பத்து. குரூஸ் நாலுவழிச் சாலையில் பகலில் மட்டும், ஒரேயடியாக அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஸ்டியரிங்கைத் திருப்புகிற வசதியை நான் வண்டியை எடுத்ததும் அணைத்துவிடுகிறேன். இஞ்சினை நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது தானாகத் திரும்ப உயிர்பெற்றுவிடுகிறது, அது ஒரு எரிச்சல். முன் சீட்டில் 29 வருஷம் பஸ் ஓட்டிய மாமனார் யாருக்காவது இருந்தால் அவரை அணைக்க வேண்டாம்.

கடைசியாக மேட். காரோடு கொடுத்த மேட் தரம் குறைவு. டிரைவர் பக்கம் இன்னும் புதிது மாதிரி இருக்கிறது. இடது பக்க மேட்டில்தான் வலது குதிகால் படுகிற இடத்தில் 14 மாதத்தில் ஒரு ரூபாய் அளவுக்குப் பள்ளம் விழுந்து, போன வாரம் ஓட்டையாகிவிட்டது. மாமா அங்கே தினமும் பிரேக் பிடித்துக்கொண்டு வருகிறார், தவளக்குப்பத்துக்குப் பிறகும். அந்த ஒரு மேட் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று நெல்லித்தோப்பில் ஒரு கடையில் கேட்டேன். செட்டாகத்தான் தருவார்களாம்.